நாய்க்கு வைத்த பேர்

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் ஆறு வயது மகனும் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மா. கையில் வார், வாரின் நுனியில் ஒரு நாய். செம்மண் நிறம், நிமிர்ந்த காது, முதுகுக்கு மேல் சுருண்ட வால். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வாசலில் படுத்துக் கிடக்கும் அதே ஆசாமி, இங்கே டொராண்டோவில் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறார்!

மகன் வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். நாயைக் கண்டால் அவனுக்கு அப்படி ஒரு பயம். அந்த அம்மா நல்ல மனுஷி. "பயப்படாதே, இவள் ரொம்பச் சாது" என்று குனிந்து சொன்னார். டெல்லியிலிருந்து தத்தெடுத்தாராம். என்ன வகை என்று கேட்டேன். "இந்தியன் பரையா" என்றார் பெருமையாக.

நல்ல நாய் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஐம்பது அடி போயிருப்போம். "அப்பா, பரையான்னா என்ன?"

பூனை ஒன்று ஓடியது, அதைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பனால் செய்ய முடிந்தது அன்று அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் சாதியின் பேர். என் சான்றிதழில் இருக்கிற பேர். (கேரளத்தில் தமிழன் அந்தச் சான்றிதழை வாங்க, குடும்பம் 1950-க்கு முன்பே அங்கே குடியேறியதற்குக் காகிதம் கேட்பார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.) படிக்கிற உங்களில் சிலருக்கு இந்த இடத்தில் சங்கடமாக இருக்கலாம். எழுதுகிற எனக்கும்தான்.

பறை அடித்தவர்களின் பேர் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. முதலில் அந்தச் சாதியைக் குறித்தது. பிறகு ஊரால் ஒதுக்கப்பட்ட யாரையும் குறிக்கிற பொதுச் சொல்லானது. இன்றைக்கும் இங்கே செய்தித்தாள்களில் ஒரு நாட்டை உலகமே ஒதுக்கி வைத்தால் அந்த நாட்டைப் 'பரையா' என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது ஒரு தமிழ்ச் சாதிப் பேர் என்பது பெரும்பாலும் தெரியாது. இதே பேரைத்தான் வெள்ளைக்காரர்கள் நம் ஊரில் சொந்தக்காரர் இல்லாமல் திரிந்த நாய்க்கும் வைத்தார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் பரையா நாய் தனிச் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது. அதன் பிறகு அது விலங்கியல் வழக்கிலும் ஒட்டிக்கொண்டது. உலகின் எந்த மூலையிலும் தானாகப் பெருகி ஊரோரம் வாழும் நாய்களைப் 'பரையா வகை' என்கிறார்கள்.

ஆங்கிலேயர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அந்தச் சாதிப் பேரையும் நாயையும் சேர்த்து ஒரு வசவு நம் தமிழிலேயே உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்து மலை வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஊட்டியில் துரைமார்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வேட்டை நாய்களை வரவழைத்தார்கள். இங்கே அவர்கள் ஊர் நரி இல்லை, அதனால் குள்ளநரியைத் துரத்தி விளையாடினார்கள். கப்பலில் வந்த நாய்க்கு வம்சாவளிப் புத்தகம் உண்டு. மலையிலேயே பிறந்து, மலையைக் காத்த நாய்க்கு ஒதுக்கப்பட்டவன் என்று பேர்.

*

எனக்குச் சொந்த ஊர் சின்னக்கானல். மூணாறிலிருந்து தேவிகுளம் தாண்டி, கேப் ரோடு இறங்கி, பெரியகானல் வழியாக வந்தால் வரும். இன்னும் கிழக்கே போனால் பூப்பாறை, போடிமெட்டு, அப்புறம் மலை இறங்கினால் தமிழ்நாடு. இன்றைக்குப் பலருக்கு எங்கள் ஊர்ப் பேர் தெரிவது அரிக்கொம்பனால். அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த யானை என்பதால் அதற்கு அந்தப் பேர். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் கம்பத்துக்குள் நடந்து வந்தது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். பேரே குற்றப்பத்திரிகை. அந்தக் காட்டில் மனிதர்களும் மனிதர் பயிரும் எப்போது வந்தன என்று அந்தப் பேர் சொல்லாது.

எங்கள் லயத்தில் நாய் வளர்த்ததே யானைக்காகத்தான். அம்மா கொழுந்துக்குப் போவார், அப்பா ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். எனக்கு எட்டு வயதிருக்கும்போது தாய்மாமன் சாக்குப்பையில் ஒரு குட்டியைப் போட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் கொண்டுவந்தார். "கோம்பை நாய்டா, புலிக்கே நிக்கும்" என்றார். கோம்பை தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் பக்கம், மலையடிவாரத்து ஊர். இளையராஜாவின் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர் என்றால் சட்டென்று புரியும். அந்த ஊர்ப் பேரில்தான் அந்த இனம். செம்பழுப்பு உடம்பு, கரிபூசினமாதிரி மூஞ்சி, பலமான தாடை. மாடு காக்கவும் பன்றி வேட்டைக்கும் வளர்த்தார்கள். எங்களுடையது சுத்தமான கோம்பை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. மூஞ்சி மட்டும்தான் கோம்பை, மிச்சமெல்லாம் போடி பஸ் ஸ்டாண்ட் :-)

செவலை என்று பேர் வைத்தோம். ஆள் வந்தால் ஒரு குரைப்பு, பன்றி வந்தால் ஒரு குரைப்பு. யானை வந்தால் குரைக்காது. தொண்டைக்குள் ஒரு முனகல், கதவை நகத்தால் பிறாண்டும். அந்தப் பிறாண்டல் கேட்டால் அம்மா விளக்கை அணைத்துவிட்டு எங்களை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போவார். பகலில் அது என்னோடு பள்ளிக்கூடம் வரை வந்து, வாசலில் படுத்திருந்து, என்னோடு திரும்பி வரும்.

ஒரு வருஷம் மேல் லயத்துப் பையன் ஒருவனை வெறிநாய் கடித்துவிட்டது. அவனுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள், பதினாலு நாள். நாங்கள் எல்லோரும் போய் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். பிழைத்துக்கொண்டான். அடுத்த வாரம் துப்பாக்கியோடு ஒருவர் வந்தார். கழுத்தில் பட்டை இல்லாத நாயெல்லாம் சுடப்படும் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்களாம், எங்கள் லயத்துக்கு அந்தச் செய்தி வரவில்லை. பங்களா நாய்கள் எல்லாவற்றுக்கும் பட்டை இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது வாசலில் செவலை இல்லை. அவ்வளவுதான், இதற்கு மேல் அதை எழுத வரவில்லை.

சுட்டவர் மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் பொய்ப் பயம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெறிநோய் வந்த பின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1902-இல் லில்லி பாகென்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க் கடியால் இறந்துபோனார். தென்னிந்தியாவில் அதற்கு மருந்து தயாரிக்க இடமே இல்லை. அந்தச் சாவு எழுப்பிய அதிர்ச்சியும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையும் சேர்ந்துதான் 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் வந்தது. அந்தப் பதினாலு ஊசி, டேவிட் செம்பிள் 1911-இல் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் மருந்து. இந்தியாவில் அதை நிறுத்தியதே 2005 வாக்கில்தான். இப்போது கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நம் தலைமுறையின் நாய்ப் பயத்தில் பாதி அந்தத் தொப்புள் ஊசியின் பயம். நாம் அதை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, கொசு கூடக் கடிக்காத ஊரில் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். (கொசு கடிக்கும். ஜூலையில் வந்து பாருங்கள்.)

*

இங்கே வந்த பிறகு வேறு பேர்களைப் பார்த்தேன். நான் கனடா வந்தது 2003-இல். 2005 ஆகஸ்டில் ஒண்டாரியோ மாகாணம் பிட்புல் வகை நாய்களைத் தடைசெய்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே கூட்டிவந்தால் வாய்ப்பூட்டு போட வேண்டும், குட்டி போடாமல் அறுவை செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதில் வேடிக்கை, பிட்புல்லைப் 'போலத் தோன்றும்' நாயும் சட்டத்தில் மாட்டும். தோற்றம்தான் சாட்சி. எங்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

'பிட்' என்றால் குழி. இங்கிலாந்தில் காளையைக் கட்டிப்போட்டு நாயை ஏவிவிடும் விளையாட்டை 1835-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆட்கள் நாயோடு நாயைக் குழிக்குள் இறக்கி மோதவிட ஆரம்பித்தார்கள், ஒளித்து நடத்த அது வசதி. குழியைத் தோண்டியவன் மனுஷன், பேர் நாய்க்கு. முதல் உலகப் போரில் அமெரிக்கர்கள் இதே ஜாடை நாயைத்தான் தங்கள் வீரத்துக்கு அடையாளமாகச் சுவரொட்டியில் போட்டார்கள். 1987-இல் அமெரிக்காவின் பெரிய விளையாட்டுப் பத்திரிகை ஒன்று பல்லைக் காட்டும் பிட்புல்லை அட்டையில் போட்டு 'ஜாக்கிரதை' என்றது. எழுபது வருஷத்தில் நாய் மாறவில்லை, சுவரொட்டி மாறிவிட்டது.

அதே போர்க் காலத்தில் இன்னொரு பேர் மாறியது. ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்க்கு ஜெர்மன் என்று பேர் இருப்பதைப் பிரிட்டிஷ்காரர்களால் தாங்க முடியவில்லை. 'அல்சேஷன்' என்று மாற்றினார்கள். பழைய பேர் அங்கே திரும்ப 1977 ஆனது. நம் ஊரில் இன்னும் திரும்பவில்லை. சினிமா வில்லன் பங்களாவில் நிற்பது இன்றைக்கும் அல்சேஷன்தான்.

2024 மார்ச்சில் இந்திய அரசும் 23 இனங்களைப் பட்டியல் போட்டு, இவற்றுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம், யாரையும் கலந்து பேசாமல் போட்டது என்று அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் 'பான்டாக்' என்று ஒன்று இருந்தது. அது ஒரு இனமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'கட்டிப்போட்ட நாய்' என்று பொருள். கட்டிப்போட்டதற்காகவே தடையா என்று கேட்காதீர்கள்.

கடி பொய்யில்லை, அதையும் சொல்கிறேன். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தக் குழந்தையின் தாயிடம் போய் நாய்க்கு நியாயம் பேச எனக்கு வாய் வராது. பலமான தாடையுள்ள நாயை அடக்கத் தெரியாதவர் வைத்திருப்பது ஆபத்துதான். ஆனால் பேரை வைத்துத் தடை போட்டால் கடி குறைகிறதா என்றால், நெதர்லாந்து 1993-இல் பிட்புல்லைத் தடைசெய்துவிட்டு, பலனில்லை என்று 2008-இல் விலக்கிக்கொண்டது. இங்கேயே கல்கரி நகரம் இனத்தைப் பார்க்காமல், உரிமம், அபராதம் என்று வளர்ப்பவரைப் பிடிக்கிறது. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பார்த்துவிட்டு, ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் குணத்தில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்றது.

*

சரி, வகுப்புக்கு வருகிறேன். ஸ்கார்பரோவில் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் நான் உதவி ஆசிரியர். ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் ஈழத்துக் குடும்பங்கள், என்னைச் 'சேர்' என்று கூப்பிடுவார்கள். 'நா' வரிசை வந்தபோது நாக்கு, நாடு, நாற்காலி என்று போய், ஒரு பையன் "நாய்" என்றான். மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் என்று கேட்டேன். "அது கூடாத சொல் சேர், அப்பா கார் ஓட்டேக்க சொல்லுறவர்."

அடுத்த வாரம் நாய்ப் பாடம் எடுத்தேன். என் பழைய ஆல்பத்திலிருந்து 2005 ஜனவரியில் வந்த நாய்த் தபால்தலைகளை எடுத்துப் போனேன். இமயமலை மந்தை நாய், ராம்பூர், முதோல், நம் ராஜபாளையம். ராஜபாளையத்தின் ரோஜா நிற மூக்கைப் பார்த்து ஒரு சிறுமி "இவருக்குத் தடிமன்" என்றாள்.

பிறகு 'மரமாக நில்' விளையாட்டு. தெரியாத நாய் பக்கத்தில் வந்தால் ஓடாதே, கத்தாதே. கையைக் கோத்து, கீழே பார்த்து, மரம் மாதிரி நில். நான்தான் நாய். நாலு காலில் போய் ஒவ்வொரு மரத்தையும் மோப்பம் பிடித்தேன். பாதி மரங்கள் சிரித்தே விழுந்துவிட்டன. சாப்பிடுகிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய், மூன்றின் பக்கமும் போகக் கூடாது. தொட ஆசை என்றால் முதலில் சொந்தக்காரரைக் கேள். கடித்துவிட்டால் ஒளிக்காதே, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவு, அம்மாவிடம் சொல், ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தக் கடைசி விஷயத்தைப் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். ஊருக்கு விடுமுறை போகிற பிள்ளைகள் இவர்கள். வெறிநோயால் உலகில் சாகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு தாய்க்குக் கோபம். "தமிழ் படிக்க அனுப்பினால் நாய்ப் பாடம் எடுக்கிறீங்களோ?" என்றார். அதற்குத்தான் கோவிவன் கதையை வைத்திருந்தேன்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் என்று ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, சுமார் 1400 வருஷப் பழசு. எருமை மாடுகளுக்காக நடந்த சண்டையில் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. அந்த நாய்க்குத் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம், பேர் கோவிவன். ராஜா பேர், வீரன் பேர், நாய் பேர், மூன்றும் ஒரே கல்லில். தமிழ்ப் பாடம்தானே அம்மா இது, என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது அந்தக் கல்லின் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டார்.

பின் வரிசையில் பேரப்பிள்ளையோடு வந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் அதுவரை பேசவே இல்லை. பிள்ளைகள் போன பிறகு என்னிடம் வந்தார். "தொண்ணூற்றஞ்சிலே இடம்பெயரேக்க எங்கட வீமனை அவிட்டு விட்டுட்டுத்தான் வந்தனாங்கள் தம்பி. செம்மணி வரைக்கும் பின்னாலேயே வந்தவன். சனத்துக்குள்ளே பிறகு காணேல்லை" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். "உங்கட நாய்க்கு என்ன பேர் வச்சனீங்கள்?" என்று கேட்டார். செவலை என்றேன்.

அன்று காரில் வரும்போது மகன் மறுபடி கேட்டான், பூனையை மறக்கவில்லை. இந்தத் தடவை சொன்னேன். அது பறை என்ற மேளம் அடித்தவர்களின் பேர், உன் கொள்ளுத்தாத்தாவின் ஆட்கள் என்றேன். "அப்ப ஏன் அதை நாய்க்கு வச்சாங்க?" அவர்களை யாருக்கும் பிடிக்கவில்லை, நாயையும் பிடிக்கவில்லை என்றேன். ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். "மேளம் நம்மகிட்ட இருக்கா?" என்றான். இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பூங்காவில் அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. தத்துக் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது, எனக்குத் தெரியாதே என்றார். அப்படியானால் உங்கள் ஊரில் இவளை என்ன சொல்வீர்கள்? நாட்டு நாய் என்றேன். "நாத்து நாய், நாட்டு நாயி" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார். நாயின் பேர் மாயாவாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மாயா வாரை இழுத்துக்கொண்டு என் மகனின் ஷூவை மோந்து பார்த்தது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையைக் கோத்தபடி, மரமாக நின்றுகொண்டிருந்தான்.